பொனிக்கு ஓங்கிய கை

“இஞ்சாருங்கோ, உது எழும்புமோ எழும்பாதோ?”

எமிலியா குசினி மேசைக்கு மேலே ஏறி நின்றுகொண்டு கேட்டாள். கையில் அகப்பை. நாய் பாய்ந்தால் அகப்பையால் என்ன செய்வதென்று அவளுக்கே தெரியாது.

மரியரட்ணம் நாய்வாரின் ஒரு நுனியைப் பிடித்தபடி கதவோரம் நின்றான். மற்ற நுனியில் பொனி இருந்தது. செம்பட்டை மயிர் பட்டாகத் தொங்கும் ஐரிஷ் செற்றர், வேட்டை நாய். சோபாவின் முழு நீளத்துக்கும் படுத்திருந்தது. கொம்யூன்காரர், அதாவது நகரசபை, கொடுத்த சோபா. டென்மார்க்குக்கு வந்த இரண்டு வருடத்தில் புருசனும் பெண்சாதியும் அதன் நுனியில் குந்தியிருந்தார்களே தவிர, இப்படிக் கால் நீட்டிப் படுத்ததில்லை.

“எழும்பு பிள்ளை, எழும்பம்மா,” என்றான் மரியரட்ணம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவனின் குரலில்.

பொனி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. மூடிக்கொண்டது.

“தமிழ் விளங்கேல்லையாக்கும்.”

“உங்கட டெனிஷ் மட்டும் ஆருக்கு விளங்குது?” என்றாள் எமிலியா மேசைமேலிருந்து.

பொனி, ஸ்வென்னின் நாய். ஸ்வென், எஸ்பியர்க் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் போர்மன். அறுபது பேர் வரிசையாக நின்று மீன் கிழிக்கிற அந்த மண்டபத்தில் வியாழக்கிழமை கோப்பி நேரத்தில் அவர் நேரே மரியரட்ணத்திடம் வந்தார். தனக்கு நடு முறிந்துவிட்டது என்றார். இடுப்பில் கைவைத்து முனகியும் காட்டினார். சனிக்கிழமை வேட்டைக் கழகத்தின் நாய்ப் பயிற்சி. பொனியை யாராவது கொண்டுபோக வேண்டும். அங்கே தேறுகிற நாய்தான் இலையுதிர்காலத்து வேட்டைக்குப் போகும்.

அடுத்த கிழமை தொழிற்சாலையில் ஆள் குறைப்பு. தற்காலிகக்காரரில் யார் நிற்பது, யார் போவது என்பதை ஸ்வென்தான் சொல்வார். மரியரட்ணம் தற்காலிகக்காரன். அந்த நேரத்தில் ஸ்வென் அவனைச் சிங்கத்துக்குப் பல் தீட்டிவிடச் சொல்லியிருந்தாலும் “யா, யா” என்றுதான் சொல்லியிருப்பான். நாயைக் கண்டால் அவனுக்கு முழங்கால் கழன்றுவிடும் என்பது வேறு கதை. தொழிற்சாலைக் காவல்நாய்க்குப் பயந்து அவன் பின்வாசலால் வேலைக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்த கதை.

“தேறாவிட்டாலும் பரவாயில்லை,” என்று ஸ்வென் சொல்லியிருந்தார். “கத்தாதே, விசில் அடிக்காதே. சும்மா கொண்டுபோய், சும்மா கொண்டு வா. பரவாயில்லை, கவலைப்படாதே. உன் வேலை விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உண்மையாகவே பரவாயில்லை.”

“மூண்டு தரம் பரவாயில்லை எண்டவர்,” என்று மரியரட்ணம் வீட்டில் வந்து சொன்னான்.

“மூண்டு தரமோ?” எமிலியாவின் முகம் மாறியது. “அப்ப கட்டாயம் தேறத்தான் வேணும்.”

அவர்கள் பிறந்த மன்னார்த் தீவின் பேசாலையில், வந்தவர் மூன்றுதரம் தேத்தண்ணி வேண்டாம் என்றால் கேத்திலை அடுப்பில் வைக்கவேண்டும் என்று அர்த்தம். நம்பிச் சும்மா இருந்த வீட்டுக்கு ஒருவரும் பிறகு பெண் கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் தேறுவதற்கு முதலில் நாய் எழும்பவேண்டும்.

“பசியாக்கும். ஏதும் குடுத்துப் பார்,” என்றான் மரியரட்ணம்.

காலையில் நாயைக் கொண்டுவந்து விட்ட ஸ்வென்னின் மனைவி இங்கர், ஒரு பையில் அதன் தீனியையும் தந்திருந்தாள். எமிலியா எட்டிப் பார்த்தாள். ஆட்டுப் புழுக்கைமாதிரி இருந்தது.

“போர்மன் வீட்டுச் சீவனுக்கு உதையோ போடுறது? நாளைக்கு என்ன சொல்லுவினம்?”

மேசையிலிருந்து இறங்காமலே அடுப்பைப் பற்றவைத்து, எண்ணெயில் சூடைக் கருவாட்டைப் போட்டாள். மன்னாரிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த கடைசிக் கருவாட்டுப் பொதி. மணம் எழும்பியது. மேல் மாடி டெனிஷ்காரர் யன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பொனி எழும்பியது.

எழும்பியதென்றால், சோபாவிலிருந்து குசினிக்கு ஒரே பாய்ச்சல். மரியரட்ணம் வாரோடு இழுபட்டு வந்து கதவு நிலையில் மோதினான். பொனி மேசையடியில் குந்தி, எமிலியாவை மாதாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

ஒரு கருவாடு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. ஐந்தாவதில் எமிலியா மேசையை விட்டு இறங்கிவிட்டாள். பத்தாவதில் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“பாவம், நல்ல பிள்ளை. நீங்கள்தான் வீணாப் பயப்பிடுறியள்.”

இப்போது நாய் எமிலியாவை விட்டு வரமாட்டேன் என்றது. இழுத்தால் தரையோடு ஒட்டிக்கொண்டது. கீழே அவனை ஏற்ற வந்த தவராஜாவின் கார் ஹோன் அடித்தது.

“அப்ப நீயும் வா.”

“எனக்கு ஆஸ்பத்திரியில துப்பரவு வேலை, தெரியாதே? உந்தக் கருவாட்டைப் பொக்கற்றுக்குள்ள போடுங்கோ. தன்பாட்டில வரும்.”

மரியரட்ணம் மிச்சக் கருவாட்டை ஜாக்கெட்டின் இரண்டு பைகளிலும் திணித்தான். நாய் வந்தது. சும்மா வரவில்லை, அவன் இடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தது. படி இறங்கும்போது அவன் காலும் நாயின் காலும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, கடைசி நாலு படியை இரண்டு பேரும் மிதிக்காமலே இறங்கினார்கள்.

தவராஜா யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். இங்கே அதே தொழிற்சாலையில் மீன்பெட்டி கழுவுகிறான். மொழிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் புத்தகம் முடித்திருந்ததால் ஊர்த் தமிழருக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளனும் அவன்தான். தெரிந்த சொல்லை மொழிபெயர்ப்பான். தெரியாததைத் தானே உண்டாக்குவான்.

“நாய்ப் பயிற்சி எண்டால் என்னெண்டு தெரியுமோ மச்சான்?” என்றான் காரோட்டிக்கொண்டு.

“தெரியாது.”

“எனக்கு வடிவாத் தெரியும். நாய் ஓடும். நாங்கள் பின்னால ஓடோணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவோ?”

“பேந்து ஒரு கோப்பி தருவாங்கள்.”

பொனி பின்னிருக்கையில் இருந்து மரியரட்ணத்தின் ஜாக்கெட் பையை நக்கியது. எட்டாத நேரத்தில் தவராஜாவின் பிடரியை நக்கியது. கார் இரண்டு தரம் எதிர்ப்பக்கத்துக்குப் போய் வந்தது.

பயிற்சி நடக்கிற இடம் பட்டணத்துக்கு வடக்கே, பார்லி அறுத்த வயல். ஓரத்தில் பற்றைக்காடு. பச்சைச் சட்டையும் முழங்கால் சப்பாத்துமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு நாயோடு நின்றார்கள். நாய்கள் எஜமானரின் இடக்காலடியில் சிலைமாதிரி இருந்தன. நடுவில் பயிற்சிக்காரி பிர்கிட். மீன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய உடம்பு. தள்ளி, மடக்குக் கதிரையில் தொப்பியோடு ஒரு கிழவர்.

தவராஜா குரலைத் தாழ்த்தினான். “ஆரெண்டு பார். ஹோல்ம்!”

“எந்த ஹோல்ம்?”

“எங்கட பக்டறி முதலாளியடா. வேட்டைக் காடு முழுக்க அவரின்ரதானாம்.”

மரியரட்ணம் ஜாக்கெட்டின் பொத்தானைப் பூட்டினான். போர்மனைச் சமாளிக்க வந்த இடத்தில் முதலாளியும் நிற்கிறார். இன்றைக்குப் பிழை விட்டால் வேலை ஒரேயடியாகப் போய்விடும். நிமிர்ந்து நடக்கவேண்டும் என்று நினைத்து, நிமிர்ந்து நடந்தான்.

காற்று அவன் பக்கமிருந்து அடித்தது.

முதலில் ஒரு கறுத்த நாய் திரும்பிப் பார்த்தது. பிறகு புள்ளி விழுந்த ஒன்று. ஐந்து வருடமாகப் பழக்கி, கட்டளை இல்லாமல் கண்ணும் சிமிட்டாத நாய்களெல்லாம் வாரை அறுத்துக்கொண்டு வந்தன. மரியரட்ணம் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டான். பன்னிரண்டு மூக்கு அவன் இரண்டு பைகளையும் தட்டின.

“யார் இந்த மனிதர்?” என்று பிர்கிட் கத்தினாள். “பைக்குள் என்ன வைத்திருக்கிறார்?”

“என்ன சொல்லுறா?” என்றான் மரியரட்ணம் கண் திறக்காமல்.

“நாயளுக்கு உன்னில நல்ல விருப்பமாம்,” என்றான் தவராஜா. “கருவாட்டை எறியடா, விசரா!”

மரியரட்ணம் இரண்டு கையாலும் கருவாட்டை அள்ளிப் பற்றைக்காட்டுக்குள் எறிந்தான். பன்னிரண்டு நாயும் பற்றைக்குள் பாய்ந்தன. பொனி முன்னால்.

அவற்றை வெளியே எடுக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. எஜமானர்கள் விசிலடித்தார்கள், பேர் சொல்லிக் கெஞ்சினார்கள், கடைசியில் தாங்களே முள்ளுக்குள் தவழ்ந்து போய்ப் பின்னங்காலில் பிடித்து இழுத்தார்கள். பரிசு பெற்ற ஜெர்மன் நாயொன்று மீன்முள் தொண்டையில் சிக்கி இருமிக்கொண்டு வந்தது. ஹோல்ம் கதிரையில் இருந்தபடி கோப்பி குடித்தார். அவர் மீசை ஆடியது. சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா என்று தெரியவில்லை.

பிர்கிட் நேரே மரியரட்ணத்திடம் வந்து நின்றாள். “ஸ்வென் அனுப்பியபடியால்தான் விடுகிறேன். இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்கு.”

“இன்னொரு பிழை விட்டால் வீட்டை போகலாமாம்,” என்றான் தவராஜா. இந்த முறை சரியாகத்தான் மொழிபெயர்த்தான்.

பொனியின் முறை வந்தது. வாரைக் கழற்றிவிடச் சொன்னார்கள். தவராஜா குனிந்து கழற்றினான். மரியரட்ணம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பொனி வயலின் குறுக்கே காற்றில் செம்பட்டைத் துணி பறப்பதுபோல ஓடியது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு புல்திட்டுக்கு முன்னால் சடாரென்று நின்றது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி. வால் விறைத்தபடி. மூச்சுக்கூட விடவில்லை.

சனமெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அந்த நிற்றலுக்காகத்தான் செற்றர் என்கிற சாதியையே வளர்க்கிறார்கள். புல்லுக்குள் பறவை இருக்கிறது என்று நாய் காட்டுகிறது. இனி எஜமான் மெதுவாக நடந்துபோய்ப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

இது மரியரட்ணத்துக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த நாய் ஒரு பற்றைக்கு முன்னால் இப்படி விறைத்து நின்றால் அதற்கு ஒரே காரணம்தான்.

“பாம்பு!” என்று அலறினான். “தவம், பாம்படா! போர்மன்ர நாயைக் கொத்தப் போகுது!”

நாய்ப் பயத்தை வேலைப் பயம் வென்றது. ஓடிப்போய்ப் பொனியின் வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். புல்லுக்குள்ளிருந்து படபடவென்று ஒரு காட்டுக்கோழி எழும்பிப் பறந்தது. பொனி வாலை உருவிக்கொண்டு கோழிக்குப் பின்னால் ஓடியது. மரியரட்ணம் நாய்க்குப் பின்னால் ஓடினான். பார்லிக் கட்டையில் தடுக்கி விழுந்தான்.

“என்ன சொல்லிக் கத்தினான்?” என்று பிர்கிட் தவராஜாவிடம் கேட்டாள்.

தவராஜாவுக்குப் பாம்புக்கு டெனிஷ் சொல் தெரியாது. இரண்டாம் புத்தகத்தில் பாம்பு வரவில்லை.

“இது எங்கள் நாட்டு முறை,” என்றான்.

“வாலைப் பிடித்து இழுப்பதா?”

“ஓம். பழைய முறை.”

பிர்கிட் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். வீட்டுக்கு அனுப்பப்போகிறாள் என்று தவராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. “மச்சான், அலுவல் முடிஞ்சுது! ஏதும் செய்யடா!” என்று தமிழில் குழறினான்.

மரியரட்ணம் மண்ணிலிருந்து எழும்பினான். மூக்கில் இரத்தம். தூரத்தில் பொனி கோழியைத் தவறவிட்டு அவனை நோக்கித் திரும்பி ஓடிவந்தது. வாய் முழுக்கப் பல். அவன் பைக்குள் கருவாடு இல்லை என்பது அதற்குத் தெரியாது. ஆள் குறைப்பு, பிர்கிட், ஹோல்ம் எல்லாம் மறந்துபோயிற்று. பாய்ந்துவருகிற நாய் ஒன்றுதான் மிச்சம். அதற்கு மரியரட்ணத்தின் பரம்பரைக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும்.

குனிந்தான். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தான். கையை ஓங்கினான்.

பேசாலை நாயென்றால் குனிந்தவுடனேயே அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கும். பொனிக்குக் கல்லெறி தெரியாது. அதன்மேல் ஒருவரும் வாழ்நாளில் கல் எறிந்ததில்லை. அதற்குத் தெரிந்தது ஸ்வென் பழக்கியது மட்டும்: உயர்த்திய கை என்றால் படு.

பொனி ஓடிவந்த வேகத்திலேயே தரையோடு தரையாகப் படுத்தது. அசையவில்லை.

பச்சைச் சட்டைக்காரர் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

“ஒரு சொல் இல்லை,” என்றாள் பிர்கிட் மெதுவாக. “விசில் இல்லை. முழு ஓட்டத்தில் படுக்க வைத்தான்.”

மரியரட்ணம் கையை இறக்கவில்லை. இறக்கினால் நாய் எழும்பிவிடும் என்று பயம். பிர்கிட் அடுத்த கட்டத்துக்குச் சைகை காட்டினாள். வேலிக்கு அப்பால் ஒருவன், ஏற்கெனவே செத்த காட்டுக்கோழி ஒன்றை வானத்தில் எறிந்தான். இன்னொருவன் துவக்கால் வெடி வைத்தான். செத்ததை மறுபடி சுட்டுப் பழகுகிற அளவுக்குச் சமாதானமான நாடு.

வெடிச் சத்தம் கேட்டதும் மரியரட்ணத்தின் மற்றக் கையும் தானாக மேலே போயிற்று. மன்னார் வீதியில் ஆமிக்காரர் பழக்கியது. அவர்களும் ஒரு சொல் பேசாமல்தான் பழக்கினார்கள். தள்ளி நின்ற தவராஜாவின் இரண்டு கையும் மேலே போயின.

பொனி ஒரு கையைக் கண்டு படுத்த நாய். நாலு கையைக் கண்டதும் தாடையையும் மண்ணில் வைத்துக்கொண்டது.

“உதவியாளனும் அதே முறை!” என்றார் ஒரு பச்சைச் சட்டைக்காரர்.

வெடி ஓய்ந்தது. தாங்கள் நிற்பது டென்மார்க்கில் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் மரியரட்ணம் கையிலிருந்த மண்ணாங்கட்டியைத் தூர எறிந்தான். எறிந்த திசையிலேதான் அந்தக் கோழி விழுந்து கிடந்தது. பொனி அம்புபோலப் போயிற்று. இறகு கசங்காமல் கோழியைத் தூக்கி வந்து அவன் முன்னால் குந்தி, வாயை நீட்டியது.

கையை நீட்டி வாங்கவேண்டும். நாயின் வாய்க்குள் கையா? மரியரட்ணம் நின்றான். பொனியும் கோழியைக் கவ்வியபடி இருந்தது. ஒரு நிமிஷம் போனது. இன்னொன்றும் போனது.

“பாருங்கள், எப்படிக் காக்க வைக்கிறான்,” என்றாள் பிர்கிட். “நாங்கள் அவசரப்படுகிறோம். அதுதான் எங்களுடைய வியாதி.”

கடைசியில் பொனிக்கே அலுத்துப்போய்க் கோழியை அவன் சப்பாத்தின்மேல் வைத்தது. சனம் கைதட்டியது.

பிர்கிட் அன்றைக்குத் தேறின நாய்களைச் சொன்னபோது முதல் பேர் பொனி. ஹோல்ம் கதிரையிலிருந்து எழும்பி வந்து மரியரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிறையப் பேசினார்.

“என்னவாம்? என்னவாம்?”

“உன்னைப்போல ஒராளைத் தான் கண்டதே இல்லையாம்,” என்றான் தவராஜா. “நாளைக்குக் காலமை ஸ்வென் வீட்டை வாறாராம். காரில பின்சீற்றை ஒதுக்கி வைச்சுக்கொண்டு வாறன் எண்டு ஸ்வென்னிட்டைச் சொல்லட்டாம்.”

“காரில என்னத்துக்கு?”

“உன்னை ஏத்தத்தான். முதலாளிமார் சந்தோசப்பட்டால் சும்மா விடுவினமோ? நிரந்தரமென்ன மச்சான், உன்னைப் போர்மனாக்கினாலும் ஆக்குவார். அப்பிடி நடந்தால் இந்தப் பெட்டி கழுவுற வேலையிலயிருந்து என்னைத் தூக்கிவிடு.”

திரும்பிப் போகும்போது பொனி மரியரட்ணத்தின் மடியில் தலைவைத்துப் படுத்தது. அவன் ஒரு விரலால் அதன் காதைத் தொட்டுப் பார்த்தான். கடிக்கவில்லை. இரண்டு விரலால் தொட்டான்.

ஸ்வென் வீட்டுத் தோட்டத்தில் ஒருவர் குனிந்து நிமிர்ந்து உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார். சீட்டியும் அடித்துக்கொண்டிருந்தார்.

“உது ஸ்வென்தானே?” என்றான் தவராஜா. “நடு முறிஞ்ச மனிசனெல்லே?”

“அந்தோனியாரின்ர புதுமை,” என்றான் மரியரட்ணம். “எமிலி விடியவே மெழுகுதிரி கொளுத்தினவள்.”

ஸ்வென் அவர்களைக் கண்டதும் சிரித்த முகத்தோடு வந்தார். மரியரட்ணத்தின் மூக்கில் உறைந்த இரத்தத்தையும் கிழிந்த காற்சட்டையையும் பார்த்ததும் சிரிப்பு இன்னும் விரிந்தது.

“தோற்றுவிட்டதா? பரவாயில்லை, பரவாயில்லை! நான்தான் சொன்னேனே.”

“முதலாம் இடம்!” என்றான் தவராஜா. “ஹோல்ம் நாளைக்குக் காலை வருகிறார். கார் கொண்டு வருகிறார்.”

கிழங்கு கிண்டுகிற முள்ளு ஸ்வென்னின் கையிலிருந்து விழுந்தது. அவர் பாத்திக்குள்ளேயே முழங்காலில் விழுந்து பொனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“பார் மச்சான்,” என்றான் தவராஜா. “இவங்களுக்கு அழத் தெரியாதெண்டு நினைச்சிருந்தன். சந்தோசத்தில எப்பிடி அழுறார்.”

மரியரட்ணத்துக்கும் கண் கலங்கியது. தன்னால் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டதை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

ஸ்வென் எழும்பினார். ஒருவரையும் பார்க்காமல் பொனியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவு சாத்தியது. வாசலில் இங்கர் மட்டும் நின்றாள்.

“கேளடா இப்ப,” என்று தவராஜா முழங்கையால் இடித்தான். “சூட்டோட சூடாக் கேள்.”

மரியரட்ணம் தொப்பியைக் கழற்றினான். தனக்குத் தெரிந்த டெனிஷை எல்லாம் ஒன்றாகக் கூட்டினான். “என் வேலை... திங்கட்கிழமை... நிரந்தரம்?”

“அது வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது,” என்றாள் இங்கர். “நீ நிரந்தரம்.”

“வெள்ளிக்கிழமையோ? நாய் வெல்ல முதலேயோ?” மரியரட்ணத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப என்னத்துக்கு இவ்வளவு பாடும்? கேள் தவம்.”

தவராஜா கேட்டான். இங்கர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பொனி தேறினால் தனக்குத் தரவேண்டும் என்று ஹோல்ம் கேட்டிருந்தார், முதலாளிக்கு முடியாது என்று சொல்ல ஸ்வென்னுக்கு வாய் இல்லை, அதனால்தான், எப்படியும் தோற்றுவிட்டு வருவாய் என்று நம்பி, அறுபது பேருக்குள் உன்னைத் தேடிப் பிடித்தார்.”